பன்னிரண்டாவது கணக்கு

“பதினோரு பேர் போயிட்டானுங்க மாமு. ஒருத்தன் மட்டும் வெளிய போவமாட்டேன்றான்,” என்றான் ரஞ்சித். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்.

கொருக்குப்பேட்டையில் அவன் வீட்டு மாடி அறை அது. எதிரே லேப்டாப்போடு சம்மணம் போட்டிருந்த ஜீஷான், அவனோடு படித்து அவன் கம்பெனியிலேயே சேர்ந்தவன். ராயபுரத்தில் கரன்ட் இல்லை என்று இங்கே வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

“யார்ரா அது? அவ்ளோ தில்லு?”

“தெர்ல. பேரு கிடையாது, எம்ப்ளாயி நம்பரும் கிடையாது. எல்லாத்தையும் மறைச்சு வெறும் குறியீடா குட்த்துகீறானுங்க. ‘யாருன்னு தெரிஞ்சா உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்’னாரு மேனேஜரு.”

துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரிகளுக்கு டோக்கன் போடும் மென்பொருள் அவர்களுடையது. கம்பெனி பன்னிரண்டு பேரை வேலையை விட்டு அனுப்ப முடிவு செய்திருந்தது. அனுப்புவது என்றால் மாலை போட்டு, கேக் வெட்டி அல்ல. கணக்கை மூடிவிட்டால் ஆள் போனதாக அர்த்தம்.

பன்னிரண்டு கணக்கையும் மூடுகிற ஸ்கிரிப்ட் எழுதும் பெருமை ரஞ்சித்துக்குக் கிடைத்தது. “இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள முடிங்க. அப்புறம் உங்க எதிர்காலத்தைப் பத்திப் பேசலாம்,” என்று மேனேஜர் சங்கரநாராயணன் அன்பாகச் சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் பதின்மூன்றாவது ஆள் யாரென்று ரஞ்சித்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கீழேயிருந்து அவன் அம்மா கோவிந்தம்மாவின் குரல் வந்தது. “டேய்! பத்திரிகை அடிக்கிறவன் போன் மேல போன் போடுறான். உன் பேருக்குக் கீழ கம்பெனி பேரு போடணுமா, வாணாமா?”

“அஞ்சு மணிக்குச் சொல்றேம்மா!”

“மலர் வூட்டுல கம்பெனி பேரப் பாத்துதான் பொண்ணு குட்த்தாங்க. நீ மூஞ்சியக் கழுவிகினு வந்து சொன்னாலும் சரி, கழுவாம சொன்னாலும் சரி!”

ரஞ்சித் தலையில் கை வைத்துக்கொண்டான். ஜீஷானுக்கு இந்த மாதிரி நேரங்களில்தான் உற்சாகம் வரும். யாருடைய வேலை முடங்கினாலும் அதைச் சுலபமாகச் செய்ய அவனிடம் ஒரு யோசனை இருக்கும்.

“அழுவறதுக்கு முன்னாடி எரரைப் படிக்கணும்டா. இன்னா சொல்து?”

“‘இந்தக் கணக்கு இப்போது பயன்பாட்டில் உள்ளது. மூட இயலாது.’ எப்போ ஓட்டினாலும் இதே பாட்டுதான். காலைல ஓட்டினேன், உள்ள கீறான். துன்னுட்டு வந்து ஓட்டினேன், உள்ள கீறான். ஞாயித்துக்கிழமைகூட உள்ள கீறான் மாமு!”

“ஞாயித்துக்கிழமையுமா? இப்டி உழைக்கிறவனையா தூக்குறானுங்க?”

“அதான் எனக்கும் பேஜாரா கீது. ரொம்ப நல்ல மனுசன் போல. ஆனா எனக்குக் கல்யாணம் கீதே!”

“செரி, நீ எப்டி ஓட்டுற?”

“எப்டின்னா? லேப்டாப்பத் தொறந்து, லாகின் பண்ணி, குந்திகினு ஓட்டுறேன்.”

“அங்கதான் கோட்ட வுட்ட. ரெண்டு வாட்டிக்கு மேல கையால செய்ற வேலைய மிஷினுக்குத் தள்ளிடணும். சர்வர்ல போடு. அஞ்சு மணிக்கு டைமர் வை. லாக் அவுட் பண்ணிட்டு வா, டீ குடிக்கலாம். நீ மொறைச்சு மொறைச்சுப் பாத்துகினு இருந்தா அதுவும் வேலை செய்யாது, நம்ம டீம் மாதிரி.”

ரஞ்சித்துக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு யோசனையும் இல்லை. டைமரை வைத்தான், லாக் அவுட் செய்து லேப்டாப்பை மூடினான்.

ரயில்வே கேட் ஓரம் டீக்கடை. சரக்கு வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டியபோது ரஞ்சித்தின் போன் அதிர்ந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பணி நிறைவு.

“மாமு!” என்று கத்தியவன் ஜீஷானைக் கட்டிப்பிடித்ததில் பாதி டீ கீழே போனது. “நீ ஆளு இல்லடா, தெய்வம்!”

“பாவம்டா அவன்,” என்றான் ஜீஷான், சட்டையில் சிந்தியதைத் துடைத்துக்கொண்டே. “இத்தினி நாளு குந்தின எடத்த வுட்டு எழுந்துக்காதவன், கரெக்டா அஞ்சு மணிக்கு டீ குடிக்கப் பூட்டான் போல.”

இருவரும் அவனுக்காக ஒரு நிமிடம் வருந்தினார்கள். பிறகு ரஞ்சித் அம்மாவுக்குப் போன் போட்டான். “பத்திரிகைல கம்பெனி பேரு போடச் சொல்லும்மா. கொட்ட எழுத்துல போடச் சொல்லு.”

மாடிக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தான். பாஸ்வேர்ட் கேட்டது, அடித்தான். தவறு என்றது.

“கேப்ஸ் லாக் போட்டுகினியா பாரு,” என்றான் ஜீஷான். அவனுடையது வழக்கம்போல் திறந்துகொண்டது.

கேப்ஸ் லாக் போட்டிருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தான். மறுபடியும் தவறு.

சர்வரில் ஏதோ கோளாறு என்று நினைத்து மேனேஜருக்கே போன் போட்டான். “சார், வேலை முடிஞ்சிடுச்சு சார், பன்னெண்டும் போயிடுச்சு. என்னோட லாகின் மட்டும் ஏனோ ஓப்பன் ஆவ மாட்டேங்குது சார்.”

சங்கரநாராயணன் அதே அன்போடு சொன்னார்:

“அப்போ உங்க ஸ்கிரிப்ட் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, ரஞ்சித்.”