ஸ்டாமெனின் டீசல் கார்

மைனஸ் பதினெட்டுக் குளிரில் ஸ்டாமெனின் டீசல் கார் இருமியதே தவிர, கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு மெக்கானிக் ஸ்லாதினா பானெட்டைத் திறந்தாள்.

"பேட்டரியா, தங்கச்சி?"

"பேட்டரி நல்லாருக்குண்ணே. இன்ஜினைச் சூடாக்குற ஹீட்டர் பிளக்குக்குக் கரண்ட் வரல. ஃப்யூஸ் போயிடுச்சு."

"விட்டுடு. நான் ஒருத்தன் ஓட்டுப் போடலைன்னா குடியா முழுகிடும்?"

"உட்காருங்கண்ணே. ஓட்டுப்பதிவு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

விரல்கள் விறைக்க விறைக்க, தன் காரின் ஃப்யூஸையே கழற்றி மாட்டினாள். இன்ஜின் உறுமியது. ஸ்டாமென் வாக்குச்சாவடிக்குப் பறந்தார்.

அவள் கணவன் பெட்கோ தலையில் அடித்துக்கொண்டான். "அவர் ஓட்டு அவர் தம்பிக்குத்தான்டி! ஊர்த்தலைவர் தேர்தல்ல அவனை எதிர்த்து நிக்கிறதே நீதானே?"

"அதுக்காக? குளிர் புண்ணியத்துல ஜெயிக்கணுமா?"

ஸ்லாதினா ஒரே ஓட்டில் ஜெயித்தாள்.

வாழ்த்த வந்த ஸ்டாமென் அவள் காதோரம் கிசுகிசுத்தார்: "என் தம்பிகிட்ட மூச்சு விட்டுடாதே, தங்கச்சி!"