வெளுக்காத பக்கம்

கடை மேஜை மேல் அந்தப் பெண்மணி ஒரு பூவை வைத்து, இதே நிறத்தில் லைனிங் துணி வேண்டும் என்றார்.

கலரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

துணிக்கடையில் நிறத்துக்கு நிறம் பொருத்தித் துணி எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். பூ அவள் வீட்டு மதிலில் படரும் க்ளெமாட்டிஸ் கொடியில் பூப்பதேதான், இதழின் நெளிவுகூட மாறவில்லை. நிறம் மட்டும் வேறு. அவள் வீட்டில் அலசிப் போட்ட பழந்துணி மாதிரி வெளிறிக் கிடப்பது இங்கே அடர் ஊதாவாக மினுங்கியது.

எங்கே கிடைத்தது என்று கேட்டாள். கலரக்காவின் தெருவிலேயே ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் பறித்துக் கொடுத்தாளாம். தங்கமான பெண்ணாம். நல்ல கைராசியாம்.

அந்தத் தங்கம் வேறு யாருமில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி.

கைராசியா? நட்டது யார்? எரு சுமந்து இடுப்பு ஒடிந்தது யார்? வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் மதில் எழுப்பியபோது கொடி கலரக்காவின் பங்கில் நின்றது. அது மதிலேறி அந்தப் பக்கம் தொங்கியது. போன வருஷம் வரை இரண்டு பக்கமும் ஒரே வெளிறல்தான். இப்போது மட்டும் அங்கே ஊதா என்றால் என்னமோ ஊற்றுகிறாள். சாயமோ, மருந்தோ. என் கொடியை வைத்து ஊருக்கெல்லாம் பூ தானம், பேரும் அவளுக்கா?

வயிறு எரிய எரிய மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பக்கம் போகும் கொடியை மதிலோடு வெட்டப் போவதாகச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை. தம்பி வீட்டுக்கு இங்கிருந்து போவது அது ஒன்றுதான், அதையும் வெட்டாதே என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

அவள் கத்தரிக்கோலோடு கிளம்பினாள். முதலில் ஓரகத்தி ஊற்றுவது என்னவென்று கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மதில் எழுந்தபின் அந்த வீட்டு கேட்டைத் திறப்பது அதுவே முதல் தடவை. பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தவள் நின்றுவிட்டாள்.

மதிலை ஒட்டி நீளமாகக் கயிறு. கயிறு முழுக்க ஈரப் போர்வைகள்.

ஒன்றை விலக்கிப் பார்த்தாள். பின்னால், நிழலில், அத்தனையும் ஊதா. போர்வை எட்டாத கடைசி மூலையில் மட்டும் பூக்கள் அவள் வீட்டுப் பூக்களைப் போலவே வெளிறியிருந்தன.

கடையில் கண்ணாடி ஓரம் துணியை வைத்து வெயிலில் வெளுக்கவிடுகிறவர்கள் மேல் எரிந்து விழுகிறவள் அவள். அவளுக்கா இது புரியாது? இங்கே யாரும் நிறம் ஏற்றவில்லை. பூவின் சொந்த நிறமே இதுதான். அவள் பக்கத்தில்தான் வெயில் அதைத் தின்றுகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அது தெரியாமல் இருந்தாளே என்று அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

ஆனால் ஒற்றை ஆள் இருக்கிற வீட்டில் இத்தனை போர்வை எதற்கு? கொழுந்தன் வெளியூரில் வேலையாக இருப்பதாகத்தானே பேச்சு?

பின்கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில், ரப்பர் விரிப்பின் மேல், கொழுந்தன் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அண்ணியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஓரகத்தியான சின்னவள் பிழிய வேண்டிய போர்வையோடு வந்து நின்றாள். கட்டட வேலையில் அவர் சாரத்திலிருந்து விழுந்ததையும், இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாததையும், அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியதையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

கடையில் வந்த ஆத்திரமெல்லாம் இப்போது வந்த ஆத்திரத்துக்கு உறைபோடக் காணாது.

"ஏன்டி, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

போர்வையின் ஒரு முனையை வெடுக்கென்று பிடுங்கினாள். மறுமுனையைச் சின்னவள் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது.

பிறகு கலரக்கா மதிலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"என்னங்க, உங்க தம்பி வீட்லதான் இருக்காரு. கையைக் கழுவிட்டு வந்து தூக்குங்க, மெத்தையை மாத்தணும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது.