குதிகால் சத்தம்

மாடிப்படியில் டப், டப் என்று சத்தம் கேட்டது.

"யாருப்பா அது, படியை இடிக்கிறது?" என்றார் கேஷியர்.

அட்டெண்டர் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "மேனேஜர்! குதிகாலை ஊன்றி நடந்து வர்றார்!"

எங்கள் மேனேஜர் வந்து சத்தம் கேட்டதாக இந்த ஆபீஸில் சரித்திரமே கிடையாது. பிறவியிலேயே அவருக்குக் கெண்டைக்கால் இறுக்கம். குதிகால் தரையில் படாது. நுனிக்காலில்தான் நடப்பார். அதனால் நாங்கள் வைத்த பெயர் பூனையார்.

பூனையாவது வந்தால் ஒரு தடவை கத்தும். இவர் அதுவும் கிடையாது. நாங்கள் அவர் தலையை உருட்டிக்கொண்டிருப்போம். திரும்பினால் வாசலில் அவரே நிற்பார். ஒட்டுக் கேட்பதற்கென்றே பிறந்த மனுஷன் என்று எங்களுக்கு வயிற்றெரிச்சல்.

கடைசியாக மாட்டியது நான்.

சாப்பாட்டு நேரத்தில், அவரைப் போலவே நுனிக்காலில் நடந்து காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு நின்றது. திரும்பிப் பார்த்தேன்.

வாசலில் பூனையார். அப்படியே திரும்பி, நுனிக்காலில் தன் அறைக்குப் போய்விட்டார். அடுத்த வாரமே நீண்ட லீவில் போய்விட்டார். ஆபரேஷனாம். இரண்டு காலிலும் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணை வெட்டி, நீட்டிவிடுவார்களாம்.

எனக்குத் தூக்கம் போயிற்று. என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்துக்கொண்டு என்னென்ன திட்டம் போடுகிறாரோ! "உனக்குச் சங்குதான்" என்று கேஷியர் வேறு தினமும் ஞாபகப்படுத்தினார்.

டப், டப்.

ஆளுக்கொரு ஃபைலைப் பிரித்து, முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொள்ள எங்களுக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

உள்ளே வந்தார். குதிகால் தரையில் பட்டதில் ஆள் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார். நேரே என் மேஜைக்கு வந்தார். நான் ஃபைலோடு எழுந்து நின்றேன்.

"நான் வர்றது கேட்டுச்சாம்மா?"

"மாடிப்படியிலேயே கேட்டுச்சு சார்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வலியே இல்லையே, இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருந்தார். நீங்க பேசுறதை எத்தனை வருஷம்தாம்மா நானும் வாசல்ல நின்னு கேக்கிறது? இனிமே சத்தம் வந்தா நிறுத்திக்குங்க, போதும்."

சொல்லிவிட்டு, புதுச் செருப்பு வாங்கிய குழந்தை மாதிரி வேண்டுமென்றே அழுத்தி மிதித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

இனிமேல் தாராளமாகப் பேசலாம். ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அட்டெண்டர் என் உத்தரவைக் கொண்டுவந்து நீட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தது.

ஐயோ, நாலு திட்டாவது திட்டியிருக்கலாமே மனுஷன்!