கரடி அடித்த கால்

லாய்ட் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

வேட்டைச் சாமான் கடையின் கண்ணாடி மேசைமேல் ஒரு பெரிய ரிவால்வர் கிடந்தது. அதன் பக்கத்தில் ஆரஞ்சு மூடி போட்ட கரடி ஸ்ப்ரே டப்பா, கரடியின் முகத்தில் பீய்ச்சி விரட்டுகிற மிளகாய் நீர். கரடி வந்தால் சமாளிக்க இரண்டில் எதை எடுத்துப் போவது என்று சிக்னி யோசித்துக்கொண்டிருந்தாள்.

மதியம், தண்ணீரில் இறங்கி ஏறும் மிதவை விமானம் கிளம்பிவிடும். அவளும் அவள் கணவன் நீல்ஸும் எட்டு நாள் மான் வேட்டைக்குத் தீவுக்குப் போகிறார்கள். ஆளைவிடக் கரடி அதிகமுள்ள தீவு. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அங்கே கரடி ஓடாது. மான் விழுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, பந்திக்குக் கூப்பிட்டதுபோல வந்து நிற்கும்.

நீல்ஸ் படகுத்துறையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். சிக்னியின் அப்பா ஆர்விட் மட்டும் கூட வந்து, கதவோரமாகக் கையுறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் லாய்ட் அவருடைய முப்பது வருட நண்பர்.

லாய்ட் ஸ்ப்ரே டப்பாவை ஒரு விரலால் தள்ளினார்.

"மிளகாத்தூளா? கரடிக்கு உப்புக்காரம் தடவிக் குடுக்கப் போறியா, பாப்பா?"

சிக்னிக்கு இருபத்தாறு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து மானை உரித்துக் கூறு போடுகிறவள். எட்டு வருடமாக மீன்பிடிப் படகில் ஆணுக்குச் சமமாக வலை இழுக்கிறவள். அவளைப் போய்ப் பாப்பா என்றால் எப்படி இருக்கும்? ஆர்விட் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"உங்கப்பன் காலைப் பாரு. அன்னைக்கு என் கையில இந்த டப்பா இருந்திருந்தா, நீ இன்னைக்கு அவன் கல்லறைக்குப் பூ வாங்கிட்டிருப்ப."

அந்தக் கதை ஊருக்கே மனப்பாடம். ஒற்றையடிப் பாதை. முன்னால் ஆர்விட், பின்னால் லாய்ட், எதிரே கரடி. கரடி ஆர்விட்டின் காலில் ஒரே அடி. லாய்டின் ரிவால்வர் ஆறு முறை வெடித்தது. ஆறாவது குண்டை வாங்கிக்கொண்டு கரடி புதருக்குள் ஓடிப்போய்ச் செத்தது. செத்த கரடியை யாரும் பார்க்கவில்லை.

முதல் வருடம் அந்தக் கரடி எட்டு அடி இருந்தது. இது ஒன்பதாவது வருடம், பதினோரு அடியாகிவிட்டது. போகிற போக்கில் கடைக் கூரையை முட்டும். ஆர்விட்டின் காலைக் காட்டியே லாய்ட் பாதி ஊருக்கு ரிவால்வர் விற்றுவிட்டார். ஒரு நாளாவது, சொல்லலாமா என்று ஆர்விட்டை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆர்விட்டும் தடுத்ததில்லை. அன்றைக்கு இரண்டு மைல் தூரம் அவரை முதுகில் சுமந்து கடற்கரை சேர்த்தவர் லாய்ட்தான். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். அந்த அழுகைக்காகத்தான் ஆர்விட் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

வெளியூர் ஆஸ்பத்திரியில் தையல் பிரித்துத் திரும்பியதிலிருந்து, முழுக்கால்சட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஜூலை மாதம் ஊரே ஏரியில் குதிக்கும். அவர் கரையிலேயே உட்கார்ந்திருப்பார். நகம் கிழித்த தழும்பைக் காட்டக் கூச்சம் என்று சிக்னி அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் லாய்ட் கதையில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

"அம்மா, அம்மான்னு அலறினான் பாவம்."

ஆர்விட்டுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவர் கத்தியது உண்மை. ஆனால் கத்தியது அம்மா என்று இல்லை. கையுறையைக் கீழே போட்டார். முப்பது வருடப் பழக்கத்தை நினைத்து, மறுபடி எடுத்து அடுக்கில் வைத்தார்.

லாய்ட் ரிவால்வரைத் துணியால் ஒரு தடவை துடைத்து, சிக்னியின் பக்கம் நகர்த்தினார்.

"நீ முன்னால போ. மாப்பிள்ளை பின்னாடியே வருவாரு. இது அவரு இடுப்புல இருந்தா போதும்."

சிக்னியின் கை ரிவால்வரை எடுத்தது. எடை பார்த்தது.

ஆர்விட் குனிந்தார். கால்சட்டையின் வலது கால் விளிம்பைப் பிடித்து முழங்கால்வரை சுருட்டினார்.

"டேய் ஆர்விட்," என்றார் லாய்ட், மெதுவாக. "வேணாம்டா."

சிக்னி ரிவால்வரை வைத்துவிட்டு அப்பாவின் காலருகே மண்டியிட்டாள்.

கரடியின் நகம் கோடு போடும், நாலைந்து வரிசையாக. இங்கே ஒரு கோடுகூட இல்லை. கெண்டைக்காலின் பின்பக்கம் விரல்நுனி அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு. முன்பக்கம், எலும்பை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குச் சதை பிய்ந்து ஆறிய பள்ளம்.

எத்தனையோ மான்களில் அவள் பார்த்தது. குண்டு நுழைந்த இடம் சிறிது, வெளியேறிய இடம் பெரிது.

"நான் அம்மான்னு கத்தல," என்றார் ஆர்விட். "அந்தக் கரடி பத்தடியில நின்னு, திரும்பிப் போயிட்டிருந்துச்சு. சுடாதடான்னு கத்தினேன்."

சிக்னி எழுந்தாள். முன்னால் அப்பா, எதிரே கரடி. பின்னால் நின்றது யார் என்று அவளுக்கும் மனப்பாடம்.

லாய்ட் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக்கொண்டாள். ரிவால்வரின் வாய் அப்பா நிற்கிற பக்கம் பார்த்துக் கிடந்தது. அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.