வலது கால்

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்க பாய்!" என்று காருக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தார் நஞ்சப்பன்.

சேக் தாவூத் தம் பிடித்துத் தள்ளினார். பக்கத்தில் நஞ்சப்பனின் மனைவி நாகமணியும் தள்ளினாள். கார் அசைவேனா என்றது.

ராத்திரி கொட்டிய பனியைக் காலையில் வண்டி வந்து வழித்து, பார்க்கிங் ஓரமாகக் குவித்துவிட்டுப் போயிருந்தது. ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது நஞ்சப்பனின் புது ஹைப்ரிட் கார் அந்தக் குவியலில் பின்சக்கரத்தைப் புதைத்துக்கொண்டது. மாடி வீட்டு தாவூதை உதவிக்குக் கூப்பிட்டவள் நாகமணிதான்.

"ஆக்ஸிலரேட்டர் குடுக்கறீங்களா? சத்தமே காணோமே?" என்றார் தாவூத்.

"ஹைப்ரிட்டுங்க பாய். பேட்டரியில ஓடுது. சத்தம் வராது."

"டயரும் சுத்தலையே?"

"டயர் வழுக்குனா கம்ப்யூட்டரே பவரைக் கட் பண்ணிருமுங்க. அப்படி டிசைன்."

தாவூதின் பழைய கார் கிளம்பினால் பிஸ்கட்டவே ஊர் முழுக்கக் கேட்கும். அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வாயை மூடிக்கொண்டு தள்ளினார்.

நாகமணி மணியைப் பார்த்தாள். பத்தே நிமிடத்தில் எட்டாவது தடவை.

"ஒம்பது மணிக்கு உள்ள இருக்கோணும் தாவூதண்ணா. மொத நாள். வராட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க. ஆறு வருசம் டிபென்டன்ட் விசாவுல சும்மா உக்காந்து, இப்பத்தான் வொர்க் பெர்மிட்டே வந்துச்சு."

"போயிரலாம்மா, கவலைப்படாதே."

"உங்க வீட்டுத் தாஜ் அக்காவும் டிரைவிங் கத்துக்கிட்டா, ரெண்டு பேரும் சேந்தே போலாம். அக்காளுக்கும் ஆசைதான்."

"கத்துக்கலாம், கத்துக்கலாம். இந்தக் குளிர் போகட்டும்" என்ற தாவூத் மறுபடி குனிந்து தோளைக் கொடுத்தார்.

நஞ்சப்பன் தலையை நீட்டினார். "நாகு, ஆவாது போல. போன் பண்ணி வரமுடியலைன்னு சொல்லிரு. உடம்பை எதுக்குக் கெடுத்துக்கறே?"

எத்தனை கரிசனம்! போன மாதம் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து, பெண்கள் வேலைக்குப் போனால்தான் குடும்பம் முன்னேறும் என்று அரை மணி நேரம் முழங்கியவராயிற்றே.

நாகமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவைங்க."

மூவரும் மறுபடி முயன்றார்கள். தாவூத் நன்றாகக் குனிந்து தள்ளினார். முகத்துக்கு நேரே எதையோ பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"நஞ்சப்பன், நீங்க இறங்கி என்கூடத் தள்ளுங்க. நாகமணி ஓட்டட்டும்."

"அவளா? லைசென்ஸ் இருக்குதுங்க. ஆனா பனியில ஹைப்ரிட் ஓட்டறதெல்லாம்..."

"எனக்கு முதுகு போச்சுங்க. ஆம்பளை ரெண்டு பேரும் தள்ளினா போயிடும். இறங்குங்க."

வேறு வழி? நஞ்சப்பன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். நாகமணி ஏறினாள். ஒரே தள்ளுதான். அதிலும் நஞ்சப்பன் கையை வைத்ததோடு சரி. கார் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"நிறுத்து! நிறுத்து!" என்று பின்னாலேயே ஓடினார் நஞ்சப்பன்.

"நிறுத்துனா மறுபடியும் மாட்டிக்குமுங்க! நீங்க வீட்டுலருந்தே வேலை பாருங்க!"

கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிவிட்டு, சத்தமே இல்லாமல் மெயின் ரோட்டில் திரும்பிப் போய்விட்டாள். நீட்டிய கையோடு நஞ்சப்பன் நின்றார்.

தாவூத் மாடியேறி வருவதற்குள் கதவைத் திறந்து வைத்திருந்தாள் தாஜ் நிஷா. கையில் டீ.

"ஜன்னல்ல பாத்தேன். அவ போயிட்டாள்ல?"

"போயிட்டா. நான் விடுவேனா?" வாசலிலேயே நின்று டீயை வாங்கிக்கொண்டார் தாவூத். மனுஷனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அந்த ஆள் என்ன பண்ணான் தெரியுமா? பின்னால பிரேக் லைட் பளீர்னு என் மூஞ்சியில அடிக்குது! நாங்க தள்ளின நேரமெல்லாம் வலது காலை பிரேக்ல இருந்து எடுக்கவே இல்ல!"

"யா அல்லாஹ்! ஏங்க அப்படி?"

"ஏனா? பொண்டாட்டி வெளிய போய் நாலு காசு சம்பாதிச்சா இவன் பேச்சைக் கேக்க மாட்டாளேன்னு பயம். அதை நேரா சொல்லவும் தைரியம் இல்ல. மேடையில ஒண்ணு, வீட்டுல ஒண்ணு. பனி மேல பழியைப் போட்டுட்டு உக்காந்திருக்கான். இவனெல்லாம் ஒரு மனுஷன்!"

தாஜ் நிஷா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அப்படின்னா, என்னங்க, ஓக் ட்ரீ ரோட்டு டிரைவிங் ஸ்கூல்ல இன்னைக்கே என் பேரைக் குடுத்துடலாமா?"

"இந்தப் பனியிலயா? நல்லாக் கேட்டே போ. சம்மர் வரட்டும், பாக்கலாம்."

"போன சம்மர்ல கேட்டப்போ டிராஃபிக் ஜாஸ்தின்னீங்க."

"அதுக்கு முந்தின வருஷம் நீதானே வேணாம்னே?"

"நான் எப்பங்க வேணாம்னேன்?"

தாவூத் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

தாஜ் நிஷா தலையைக் குனிந்து, பனி ஒட்டிய பூட்ஸோடு வாசலில் நின்ற அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.