சின்ன எம்

"அந்த வீட்டை விடுன்னு சொன்னேனா இல்லையா?"

ஆர்டிஸ் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அந்த அறையில் இருந்ததே இரண்டு பேர்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஏரிப் பகுதியின் இணையக் கோபுரங்களைக் கண்காணித்துவரும் ஆர்டிஸ். வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளான எம்மெட்.

"விட முடியலையே ஆர்டிஸ். பிர்ச் ஏரிச் சாலையில கடைசி வீடு. இந்த வரைபடத்தை ஒரு தடவை பாருங்களேன்."

"பாத்தேன். நானூத்திப் பன்னெண்டு எம். ஜோரா ஓடுது. படம் கிடம் பாக்கறாங்களா இருக்கும்."

"அது சின்ன எம். பெரிய எம்னா மில்லியன். சின்ன எம்னா ஆயிரத்துல ஒரு பங்கு. நொடிக்கு அரை டேட்டா பாக்கெட் கூட அந்த வீட்டுலேர்ந்து வரல. மோடம் மட்டும் தானா மூச்சு விட்டுக்கிட்டிருக்கு."

"கோடு ஏறி இறங்குதுல்ல? அப்ப ஆள் இருக்காங்கன்னு அர்த்தம்."

"எவ்ளோ சின்ன அளவா இருந்தாலும் இந்த வரைபடம் பெட்டி நெறையற மாதிரி பெருசாக்கித்தானே காட்டும்? ஒரு மாசத்துக்குப் போட்டுப் பாருங்க."

அவனே போட்டான். மூன்று வாரத்துக்கு முன்பு வரை ஒவ்வொரு மாலையும் குன்று குன்றாக எழும்பியிருந்த பச்சைக் கோடு, ஒரு வியாழக்கிழமை சட்டென்று தரையில் விழுந்து, அப்படியே கிடந்தது.

ஆர்டிஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "வெளியில பூஜ்யத்துக்குக் கீழ இருபது. பாலைவனத்துலேர்ந்து வந்த ஆளு நீ, வண்டியை எங்கேயாவது பள்ளத்துல விட்டுட்டு நிக்காத. பேசாம உன் வேலையப் பாரு."

எம்மெட்டுக்குப் புரியவில்லை. முதல் நாளே, "பிட்டா, பைட்டான்னு பாக்காம பேசினா எட்டு மடங்கு பொய் சொல்லுவே" என்று அவன் மண்டையில் குட்டாத குறையாகச் சொன்னவர் இவர். இவருக்கா சின்ன எம் தெரியாது? எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அவனுக்கு முன்னால் வந்திருப்பார். அவன் கிளம்பும்போதும் அதே நாற்காலியில் இருப்பார். அப்படி உழைப்பவர் ஒரு வீட்டை மட்டும் ஏன் இப்படி அலட்சியம் செய்கிறார்?

ஒருவேளை வயசான கோளாறோ?

அவனால் சும்மா இருக்க முடியாததற்கு வேறு காரணம் இருந்தது. அரிசோனாவில் அவன் குடியிருந்த கட்டடத்தில், கீழ் வீட்டுக்காரர் செத்து ஒன்பது நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த ஒன்பது நாளும் எம்மெட் அந்தக் கதவைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்திருக்கிறான். மனைவி பிரிந்துபோன புதிது. நாளைக்கு நம் கதவையும் இப்படித்தான் தாண்டிப் போவார்கள் என்ற நினைப்பு அன்றைக்கு அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இந்தப் பனி ஊருக்கு வந்தும் அது இறங்கவில்லை. இங்கே அவனோடு பேசுவதற்கு ஆர்டிஸை விட்டால் மளிகைக் கடைக் கல்லாப் பெண்தான்.

மத்தியானம், சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு ஆபீஸ் வேனை எடுத்தான்.

நாற்பது நிமிடம். சாலையின் இரண்டு பக்கமும் பனி ஆள் உயரம் நின்றது. கடைசி வீட்டின் கதவைத் தட்டினான். கூப்பிட்டான். ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். உள்ளே ஒரே இருட்டு. மூலையில் மோடத்தின் பச்சை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"யாரைத் தேடறே?"

பக்கத்து வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த கிழவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"இந்த வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சோன்னு பாக்க வந்தேங்க. இன்டர்நெட் கம்பெனி."

"ரோவால்டா? அவன் போயி மூணு வாரம் ஆச்சே தம்பி. ஹாக்கி ஆட்டம் பாத்துக்கிட்டே இருந்தான், அப்படியே சாஞ்சுட்டான். கஷ்டப்படல."

எம்மெட் தொப்பியைக் கழற்றினான். "தனியா இருந்தாரா?"

"சம்சாரம் இருக்கு. அடக்கம் பண்ண அன்னிக்கு இந்தக் கதவைப் பூட்டிச்சு, அப்புறம் வீட்டுப் பக்கமே வரல. ஆபீஸ்லயே படுத்துக்குதாம். குழாய் உறைஞ்சு வெடிக்காம நான்தான் பாத்துக்கறேன்."

"பாவம்."

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிச்சு. என்ன ஆனாலும் அந்த மோடத்தை மட்டும் அணைச்சுடாதீங்கன்னு."

"ஆளில்லாத வீட்ல அது எதுக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். கம்ப்யூட்டர்ல ஒரு கோடு ஓடுமாம். அதைப் பாத்துக்கிட்டிருந்தா வீட்ல அவன் இருக்கற மாதிரியே இருக்குமாம்."

"எந்த ஆபீஸ்லங்க இருக்காங்க அவங்க?"

கிழவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கையுறை போட்ட விரலால் அவன் வண்டியைக் காட்டினார்.

"கதவுல பேர் எழுதியிருக்கே, அந்த ஆபீஸ்தான். ஆர்டிஸ்னு பேரு. உனக்குத் தெரியாதா?"