முழுக் கை

மாரிகுப்பம் கன்னியப்பன் தன் கிடாவைச் சந்தைக் கம்பத்தில் கட்டினார். ‘விலையை வெளிப்படையாகப் பேசவும்’ என்று சந்தை அதிகாரி மாட்டிய போர்டு மேலே தொங்கியது.

தரகர் வெங்கடேசப்பா வழக்கம்போல கன்னியப்பனின் வலது கையைத் துண்டால் மூடி, உள்ளே விரல்களைப் பிடித்து விலை பேசினார். ஒரு விரல் இரண்டாயிரம். இரண்டு விரலுக்கும் மூன்று விரலுக்கும் கன்னியப்பன் மசியவில்லை.

கடைசியில் தரகர் விரல்களை மொத்தமாகப் பிடித்தார். “முழுக் கை. சம்மதமா?”

முழுக் கை என்றால் பத்தாயிரம். மகளின் நர்சிங் ஃபீஸ் தேறிவிடும்.

“சம்மதம்ணா!”

கிடா வேனில் ஏறியது. கைக்கு வந்தது எட்டாயிரம்.

“இன்னாணா அநியாயம்!” கன்னியப்பன் அதிகாரியைக் கையோடு கூட்டி வந்தார்.

“ஏன்யா, முழுக் கைன்னு சொல்லிட்டு ஏமாத்துறியா?” அதிகாரி சீறினார்.

“முழுசாத்தான் புடிச்சேன் சார். நீங்களே எண்ணிப் பாருங்க.”

“கையைக் காட்டுப்பா.”

கன்னியப்பன் தயங்கித் தயங்கி நீட்டினார். முன்பு வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தில், ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டின் கதவு நசுக்கி எடுத்த சுண்டுவிரலின் இடம் மொழுக்கென்று இருந்தது.

அதிகாரி நிதானமாக எண்ணினார்.

“நாலுதானே இருக்கு? கணக்கு சரி.”